புது உறுப்பு, பழைய குசினி – 7: பச்சையில்லாத சம்பல்

சண்டிலிப்பாயில், சீரணி நாகபூஷணி அம்மன் கோயில் பக்கம் இருக்கிற மாமி ஒருவர் கேட்ட கேள்வி இந்தக் கிழமை முழுக்க மண்டைக்குள் நின்றது.

"தம்பி, கிளினிக்கிலை மரக்கறி நிறையக் குடுக்கட்டாம், சலட் இதயத்துக்கு நல்லதாம். அதே வாயாலை பச்சையாய் ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டும் சொல்லிப்போட்டினம். பச்சையில்லாமல் என்னெண்டு சலட்?"

மாமாவுக்குச் சிறுநீரகம் மாற்றி ஒன்பதாவது கிழமை. புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாதிருக்க நோயெதிர்ப்பை அமுக்கும் மருந்துகள் உச்ச அளவில் ஓடுகிற காலம் இது.

கேப் டவுனில் 1967 டிசம்பர் 3ஆம் திகதி கிறிஸ்டியான் பார்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். அதைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி பதினெட்டு நாள் இருந்தார். இதயம் நன்றாகத்தான் அடித்தது. நோயெதிர்ப்பு அமுங்கிக் கிடந்த ஆளைக் கொண்டுபோனது நிமோனியா. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கோ இன்னொரு கண்டமும் உண்டு. புதுச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உயிர் போவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று இதயநோய். நோயெதிர்ப்பை அமுக்கக் குடுக்கும் ஸ்டீரொய்டும் டக்ரோலிமசும் பிரஷரையும் சீனியையும் ஏற்றக்கூடியவை. ஆக, மாமிக்குச் சொன்ன இரண்டும் சரி: இதயத்துக்காக மரக்கறி, கிருமிக்காக நெருப்பு.

கிருமி என்றதும் எல்லோரும் இலையைத்தான் பார்ப்பார்கள். நான் கிணற்றைப் பார்த்தேன். சண்டிலிப்பாய் இருக்கிற வலிகாமம் முழுக்கச் சுண்ணக்கல். மழை எவ்வளவு சுறுக்காகக் கீழே இறங்குமோ, மலக்குழிக் கசிவும் அவ்வளவு சுறுக்காக இறங்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் வல்லாரையை மூன்றுதரம் அலசி, மாமி மனத்திருப்தியோடு வைத்திருந்தார். கழுவுவதற்கும் கொதித்தாறிய தண்ணீர்தான் என்றேன். (கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தோட்டத்துப் பசளையிலிருந்து ஊறும் நைத்திரேற்று போகாது. அது தனிக்கதை.) ஈரநிலத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் வல்லாரைக்கு இப்போதைக்கு விடுமுறை. முளைகட்டின பயறும் அப்படியே. ஊரெல்லாம் சத்து என்று கொண்டாடும் அந்த முளை, வளரக் கேட்கும் அதே ஈரத்திலும் சூட்டிலும் சல்மொனெல்லாவும் பெருகும். பயற்றை அவித்தால் ஒரு பிரச்சினையுமில்லை.

பச்சையில்லாத சலட் எங்கள் ஊரில் புதிதா என்ன? சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை விடவா?

அன்றைக்கே செய்தோம். கத்தரிக்காயைக் கழுவி, காம்போடு சிரட்டைத் தணலில் வைத்துப் புரட்டப் புரட்ட, தோல் கருகி வெடித்து, காம்படியில் சாறு கொதித்து நுரைத்தது. அந்த நுரை வந்தால் உள்ளே வெந்துவிட்டதென்று மாமியின் கணக்கு. தோலை உரித்துக் கரண்டியால் மசித்தார். அரிந்த சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கொதிதண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு வடித்துச் சேர்த்தோம். தேசிக்காய் பாதி. வழமையில் கட்டித் தேங்காய்ப்பால் விடுவார்கள். அந்தக் கொழுப்பு மாமாவுக்கு வேண்டாம் என்று ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். மணம் வாசல் வரை போனது.

இன்னொரு நாளைக்கு அவித்த பச்சைப் பயறும் ஆவியில் வேகவைத்த கரட்டும் போஞ்சியும். வெள்ளரிக்காய் சேர்ப்பதென்றால் முதலில் கழுவி, பிறகு தோலைத் தடிப்பாகச் சீவவேண்டும். கழுவாமல் சீவினால் தோலிலிருக்கிற ஊத்தையைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். தக்காளியும் கீரையும் எவ்வளவென்பதை இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியத்தைப் பார்த்துக் கிளினிக்கில் கேட்கவேண்டும்; டக்ரோலிமஸ் அதை ஏற்றிவிடும். எதைச் செய்தாலும் அந்தந்த வேளைக்கு மட்டும். மத்தியானச் சம்பலை இரவுக்கு எடுத்துவைக்கும் பழக்கம் மாமியிடம் இருந்தது.

பழத்தில் கறாராக இருந்தேன். ஜம்போலா, அதாவது பம்பளிமாசும், அதன் உறவான கிரேப்புரூட்டும் வீட்டுப் படியே ஏறக்கூடாது. டக்ரோலிமசைச் சிதைக்கிற குடல் நொதியை அவை முடக்கிவிடும். போட்டது ஒரு குளிசையாக இருந்தாலும் இரத்தத்தில் அது கூடுதலாக ஏறிநின்று, காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே பதம்பார்க்கும். காமரங்காயும் வேண்டாம், அது சிறுநீரகத்துக்கே ஆகாது. "பக்கத்து வீட்டு மரத்திலை சும்மா விழுந்து கிடக்குதே" என்று மாமி முணுமுணுத்தார்.

மாமா ஒரு வாய் எடுத்தார்.

"உப்பில்லை."

"கிடக்கு, காணும்," என்றார் மாமி. சொல்லிவிட்டு, உப்புப் போத்தலை எடுத்துப் பரணில், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். மாமாவின் கண் பரணிலேயே நின்றது. தையல் போட்ட வயிற்றோடு அவர் ஏணி ஏறப்போவதில்லை. தேசிக்காயின் மிச்சப் பாதியை அவர் பக்கம் தள்ளினேன். பிழிந்தார், பிசைந்தார், இரண்டாம்தரம் கேட்டுப் போட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை தயிர். பக்கத்து வீட்டு மாட்டுப் பாலில் உறையவிட்ட சட்டி ஒன்று மாமியின் குசினியில் காத்திருக்கிறது.

(தொடரும்)