கூடைக்குள் ஒரு தேன்கூடு

தேனீக்களுக்குக் கூடை முடைந்தும் வீடு அமைக்கலாம். ஜெர்மானியச் சிற்பி குந்தர் மான்கே வடிவமைத்த 'சூரியக் கூடு' அத்தகையது. ரை தானியத்தின் நீண்ட வைக்கோலை ஈரமாக்கி, சிறு வளையத்துக்குள் செருகிச் செருகி இழுத்தால் புரி ஒரே கனமாக வரும். அதைச் சுற்றுச்சுற்றாக வளைத்து, பிரம்பு நாரால் இறுக்கித் தைக்க வேண்டும். பொறுமைக்கு இதுதான் சோதனை!

இப்படி இரண்டு கூடைகள், நடுவே ஒரு பலகை. மேல்கூடைக்குள் வில்லாக வளைந்த மரச்சட்டங்கள். அவற்றில் தேனீக்கள் தாமே அடை கட்டும். வாசல் அடியில். வெளிப்புறம் சாணம் கலந்த பூச்சு. தேன் வேட்டைக்கல்ல, தேனீ நலத்துக்கான கூடு இது. வைக்கோல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் கூரையடியில், தலைக்கு மேலான உயரத்தில் தொங்கவிடுங்கள்.