சைபரும் வெற்றிடமும் ஒன்றல்ல

“பாதர், எங்கட புள்ள கணனியில ஜாவாஸ்கிரிப்ட் படிக்குது. காணி போன சனத்துக்கு அதால என்ன பிரயோசனம்?”

கல்முனைப் பக்கத்தில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. 1990இற்குப் பின் அக்குடும்பத்தால் தங்கள் வயலுக்குப் போக முடியவில்லை. வீட்டில் எஞ்சியிருந்த காணிப் பேர்மிட்டையும் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டு போயிற்று.

கணனி காணியை மீட்டுத் தராது. அதை நேராகவே சொன்னோம். ஆனால் இன்று நமது பெயர், காணி, விளைச்சல், நிவாரணம் ஆகியன கணனிப் பட்டியல்களில் ஏறுகின்றன. அப்பட்டியலை ஆக்குபவர் விடும் ஒரு சிறு பிழை ஒரு குடும்பத்தின் பங்கையே மாற்றிவிடும். ஆகவே நம் பிள்ளைகள் படிக்கும் இம்மொழியைச் சற்று அறிந்து கொள்வோம்.

பத்து நாளிற் பிறந்த மொழி

1995 மே மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை ஆக்கினார். தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவசரத்திற் பிறந்ததால் மொழியிற் சில குறைகள் தங்கிவிட்டன. 1997 முதல் எக்மா என்ற நியம அமைப்பு இதன் இலக்கணத்தை வெளியிட்டு வருகின்றது. 2015இல் பெரியதொரு திருத்தம் வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் சிறு திருத்தங்கள் வருகின்றன.

பழைய சொற்களை நீக்கினால் பழைய பக்கங்கள் இயங்கா. எனவே அவை நீக்கப்படவில்லை. இதனால் பழைய குறிப்புக் கொப்பியைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை பழைய பிழைகளையும் சேர்த்தே படித்துவிடுகின்றது.

வயலுக்கு வரம்பு

செய்நிரலில் ஓர் எண்ணைப் பெயரிட்டு வைப்பதை ‘மாறி’ என்பர். முன்னர் அதற்கு ‘வார்’ என்ற சொல் மட்டுமே இருந்தது. (இச்சொற்கள் கணனியில் ஆங்கில எழுத்தில் எழுதப்படுவன, இங்கே ஒலிப்படி தருகிறோம்.) கிராமத்தின் மொத்த விளைச்சலை ‘மொத்தம்’ என்ற பெயரில் வைத்துவிட்டு, உள்ளே ஓர் அடைப்புக்குள் ஒரு குடும்பத்தின் கணக்கிற்கும் ‘வார்’ போட்டு அதே பெயரை வைத்தால், முதலாவது கணக்கு அழிந்துவிடும். கணனி எதுவும் சொல்லாது. வரம்பில்லாத வயலில் நீர் அடுத்த பாத்திக்குப் பாய்வது போன்றது இது.

2015இல் வந்த ‘லெட்’ வரம்பு கட்டுகின்றது. அடைப்புக்குள் வைத்தது அடைப்புக்குள்ளேயே நிற்கும். கூடவே வந்த ‘கொன்ஸ்ட்’ என்பது மாற்றக் கூடாத பெறுமானத்துக்கு உரியது. அதற்கு வேறு பெறுமானம் கொடுக்க முயன்றால் கணனி பிழையென்று நிறுத்தும். புதிதாகப் படிப்போர் முதலில் ‘கொன்ஸ்ட்’ எழுதட்டும், மாற வேண்டியதற்கு மட்டும் ‘லெட்’ எழுதட்டும், ‘வார்’ வேண்டாம். மாறிகளுக்குக் காணி, விளைச்சல் எனத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதையும் அறிந்து கொள்க.

இல்லாமையும் தெரியாமையும்

வட்டவிதானையார் விளைச்சலைப் பதிகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலாமவருக்கு 40 மூட்டை. இரண்டாமவரின் வயல் வெள்ளத்தில் அழிந்தது; எனவே 0. மூன்றாமவர் வீட்டில் இல்லை, இடம் வெறுமை. வெறுமையாக உள்ளவருக்கு ‘பதியவில்லை’ என்று எழுத வேண்டும்.

பழைய முறையில் இதற்கு || என்ற இரு கோடுகளை இடுவர். அது சைபரையும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக் கொள்ளும். விடை: 40, பதியவில்லை, பதியவில்லை. யாருக்காக நிவாரணம் வந்ததோ, அந்த இரண்டாம் குடும்பம் பட்டியலில் மறைந்து போயிற்று! 2020இல் வந்த ?? என்ற இரட்டைக் கேள்விக்குறியை இட்டால் விடை: 40, 0, பதியவில்லை. இல்லாமை வேறு, தெரியாமை வேறு என்பதை அது காக்கின்றது.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. படிவத்தில் நிரப்பாமல் விட்ட இடம் வெற்றெழுத்தாக வரும். அதை எண்ணாக மாற்றினால் கணனி 0 என்றே கொள்ளும். அப்போது தெரியாதவர் இல்லாதவராகி விடுகிறார். எண்ணாக மாற்றுமுன் வெற்றிடமா என்று பார்ப்பது அவசியம்.

அதே ஆண்டில் ?. என்ற குறியும் வந்தது. பேர்மிட் பதிவே இல்லாத குடும்பத்தின் பேர்மிட் இலக்கத்தைக் கேட்டால் முன்பு செய்நிரல் இடையில் நின்றுவிடும். அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் விடுபடுவர். இக்குறியை இட்டால் ‘இல்லை’ என்று கொண்டு அடுத்த குடும்பத்துக்குச் செல்லும்.

இவற்றைப் பழக உலாவியுள்ள ஒரு கணனி போதும். எஃப்12 விசையை அழுத்தி ‘கொன்சோல்’ பகுதியைத் திறந்தால் அங்கேயே எழுதிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தாய் சொன்னார்: “சைபரும் வெத்திடமும் ஒண்டில்ல எண்டு எங்களுக்குத் தெரியும் பாதர். பட்டியல் எழுதுறவங்களுக்குத்தான் தெரியல்ல.” அதை அறிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலிருந்தே வரவேண்டும்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

1. நமது சங்கப் பதிவேட்டில் ‘0’ எங்கே, வெற்றிடம் எங்கே?
2. பேர்மிட் இழந்தோரை நாம் எவ்வாறு பதிகிறோம்?
3. அதைச் சரிபார்க்க நம் பிள்ளைகளுள் யாரிடம் கேட்கலாம்?