தோளை அறுக்காத வார்



உங்கள் காணிக்கையினாலும் ஜெபத்தினாலும் எங்கள் மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பட்டறை நடந்துவருகிறது. அங்கே செய்யப்படும் கால்களையும் கைகளையும் பற்றி முன்பும் எழுதியிருக்கிறோம். இந்த இதழில், செயற்கைக் கையை உடம்போடு பிணைத்து வைக்கும் தோள்வாரைப் பற்றி எழுத விரும்புகிறோம். பார்ப்பதற்கு அது வெறும் பட்டை. ஆனால் நீங்கள் கொடுத்த கை ஒரு சகோதரிக்கு உதவுமா, பெட்டிக்குள் கிடக்குமா என்பதை அந்தப் பட்டைதான் தீர்மானிக்கிறது. இதை நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு தவற்றினால்.

கரும்பு பிழியும் இயந்திரத்தில் வலது முன்கையை இழந்த ஒரு இளம் தாய்க்குப் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டறையில் கை செய்து கொடுத்தோம். அளவு சரியாக இருந்தது. கொக்கியைத் திறக்கவும் மூடவும் பழகிக்கொண்டார். மகிழ்ச்சியோடு அனுப்பி வைத்தோம். ஒரு வருடம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தபோது அவர் கை போட்டிருக்கவில்லை. எங்கள் செவிலியர் ஒருவர் விசாரித்தார்.

"கை எங்கேம்மா?"

"டிரங்குப் பெட்டியில இருக்கு சிஸ்டர். கை நல்லாத்தான் இருக்கு. வார்தான் கக்கத்துல அறுக்குது. கொஞ்ச நேரம் போட்டிருந்தா இந்த நல்ல கையும் மரத்துப் போவுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அளவெடுத்தவங்க எல்லாம் ஆம்பளைங்க சிஸ்டர். மாருக்கு மேல இழுக்குது, கக்கத்துல புண்ணாகுதுன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வெட்கப்பட்டோம்.

கை எப்படி வேலை செய்கிறது?

அவருக்குக் கொடுத்தது உடம்பின் பலத்தினாலேயே இயங்கும் கை. பாட்டரியோ மோட்டாரோ இல்லை. மீதியுள்ள கை நுழைவதற்கு ஒரு கூடு, அதன் நுனியில் இரண்டு விரல் போன்ற கொக்கி, கொக்கியிலிருந்து முதுகுவரை போகும் ஒரு கம்பி, இவ்வளவுதான். சைக்கிள் பிரேக் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். உறைக்குள் ஓடும் கம்பியை ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் கொக்கி திறக்கிறது. இழுப்பை விட்டதும் கொக்கியில் மாட்டியுள்ள ரப்பர் வளையங்கள் அதை மூடிவிடுகின்றன. இவ்விதமான பிளவுக் கொக்கிக்கு 1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டோரன்ஸ் என்பவரும் தம் கையை இழந்தவரே.

கம்பியை இழுப்பது யார்? தோள்தான். ஒரு பொருளை எடுக்கக் கையை முன்னே நீட்டும்போது தோள்பட்டை எலும்பு முன்னோக்கி நகர்கிறது, முதுகு விரிகிறது. அந்த அசைவைக் கம்பிக்குக் கொண்டுசேர்ப்பதே தோள்வாரின் வேலை. பொதுவாக அது 8 என்ற எண்ணைப் போல இருக்கும். ஒரு வளையம் நல்ல கையின் அக்குளைச் சுற்றிவரும். மறுபாதி இழந்த கையின் தோள்மேல் போய் கூட்டைத் தாங்கும். இரண்டும் முதுகில் சந்திக்கும். உடலின் அசைவினால் செயற்கைக் கையை இயக்கலாம் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லின் நகரத்துப் பல் மருத்துவர் பீட்டர் பாலிஃப் செய்து காட்டினார். இன்றும் அதே வழிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொக்கி திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பைத் தாங்குவது நல்ல கையின் அக்குள். கைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அக்குள் வழியாகவே செல்கின்றன. வார் அங்கே அழுத்தினால் மரத்துப்போவது, அந்தச் சகோதரிக்கு மீதியிருக்கும் ஒரே கை! நீங்கள் கொடுத்த கை, தேவன் கொடுத்த கையைக் கெடுக்கிறது என்றால் அவர் அதைக் கழற்றி வைப்பதில் என்ன ஆச்சரியம்?

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் 25 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்டார்கள். உடம்பின் பலத்தால் இயங்கும் கையைப் பெற்ற பெரியவர்களில் சராசரியாக 26 சதவீதத்தினர், அதாவது நாலில் ஒருவர், அதை ஒதுக்கிவிட்டார்கள் என்று அதில் கண்டார்கள்.

பெண்களுக்கு ஏன் அதிகக் கஷ்டம்?

இரண்டாம் உலகப்போரில் கையிழந்து திரும்பிய போர்வீரர்களுக்காக அமெரிக்காவில் 1945 முதல் பெரிய அளவில் ஆராய்ச்சி நடந்தது. இன்று உலகமெங்கும் வழங்கும் தோள்வார்களுக்கு அந்த ஆராய்ச்சியே பெரும்பாலும் அடிப்படை. அகன்ற தோளும் தட்டையான மார்பும் உள்ள வாலிபர்களின் உடம்பு அது. நம் சகோதரிகளின் உடம்பு வேறு.

முதலாவது, ஒடுங்கிய, சரிந்த தோளில் பட்டை நிற்காமல் நழுவும். இரண்டாவது, கொக்கி முழுவதும் திறக்கக் கம்பி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர வேண்டும். முழங்கைக்கு மேல் கை போனவர்களுக்கு, முழங்கையையும் மடக்கவேண்டியிருப்பதால், ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் வேண்டும். சிறிய தோள் அவ்வளவு தூரம் நகர்வது கடினம். மூன்றாவது, மார்பின் குறுக்கே போகும் பட்டை வலிக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு அதைப் போடவே முடியாது. நான்காவது, நம் நாட்டு உடை. இறுக்கமான இரவிக்கையின் கைக்குழி ஏற்கெனவே அக்குளை அழுத்துகிறது. அதன்கீழ் வாரும் சேர்ந்தால் இரட்டை அழுத்தம். சேலையின் முந்தானை இடது தோளில் விழுகிறது. இடது கை இழந்தவருக்குக் கம்பியும் அந்தப் பக்கமே ஓடுவதால், கையை நீட்டும்போதெல்லாம் முந்தானை கம்பியில் சிக்கும். இவற்றோடு வெயிலும் வியர்வையும். நனைந்த பட்டை ஒரே வாரத்தில் தோலை உரித்துவிடும்.

ஏர் பிடித்தவர்களுக்கு இது தெரிந்த காரியந்தான். காளை பலமாயிருந்தாலும் நுகத்தடி சரியாக உட்காராவிட்டால் கழுத்தில் புண் வரும். அதற்குப் பிறகு எவ்வளவு அதட்டினாலும் அது இழுக்காது. குறை காளையில் இல்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அளவெடுப்பதிலிருந்து தொடங்கினோம். இப்போது பெண்களுக்குத் திரைக்குள் ஒரு சகோதரியே அளவெடுக்கிறார். வார் எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், போட்டுக் கழற்றிய பின் தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார். சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் அந்த இடத்தை மாற்றித் தைக்கிறோம்.

அழுத்தத்தைப் பற்றிய பாடத்தை மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் உணர்வற்ற பாதங்களில் புண் வருவதற்குக் காரணம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று கண்டு, மெத்தென்ற செருப்புகளைச் செய்வித்தார். அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். இழுப்பு மாறாமலிருக்க, பட்டையின் அகலம் இரட்டித்தால் தோலின்மேல் அழுத்தம் பாதியாகும். ஆனாலும் அக்குளில் மிக அகலமான பட்டை சுருண்டு, அதன் ஓரம் கத்திபோல் ஆகிவிடும். ஆகவே அங்கே ஓர் அங்குலப் பட்டையை மிருதுவான பருத்தி உறைக்குள் நுழைக்கிறோம். உறையைக் கழற்றித் துவைக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு உறைகள். ஒன்று காயும்போது மற்றொன்று உடம்பில்.

முதுகில் பட்டைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் வைக்கிறோம். பட்டைகள் அதில் தாமாகத் திரும்பி உடம்பின் அசைவுக்கு இசைந்து கொடுக்கும். கழுத்தின் அடியில் துருத்தும் எலும்புக்குச் சற்றுக் கீழே, நல்ல கையின் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி அது இருக்க வேண்டும். மேலே ஏறினால் கழுத்தை அறுக்கும், இழுப்பும் குறையும். முன்பக்கத்துப் பட்டையை மார்பின்மேல் விடாமல், தோளும் மார்பும் சேரும் பள்ளத்தின் வழியாக இறக்குகிறோம்.

முன்கை நன்றாக மீந்திருப்பவர்களுக்கு, முழங்கை எலும்பைப் பற்றிக்கொண்டு தானாகவே நிற்கும் கூடு செய்யலாம். அப்போது முன்பட்டையே தேவையில்லை. அக்குள் வளையமும் கம்பியும் மாத்திரம் 9 என்ற எண்ணைப் போல இருக்கும். மார்பு முழுவதும் விடுபடுகிறது. தாய்மார்களுக்கு இயன்றவரை இதையே செய்கிறோம்.

ரப்பர் வளையங்களிலும் கவனம் வேண்டும். ஒரு வளையம் ஏறத்தாழ அரைக் கிலோ பிடியைத் தரும். பிடி பலமாக இருக்கட்டும் என்று முதலிலேயே ஐந்தாறு மாட்டினால், அவ்வளவுக்கும் அக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டில் தொடங்கி, தோள் பழகப் பழகக் கூட்டுகிறோம். காய் நறுக்கும்போது பிடித்துக்கொள்ள இரண்டே போதும் என்று சொல்பவர்களும் உண்டு.

கடைசியாக, எங்கள் பட்டறைக்கு ஒரு தையல்காரரும் வேண்டியதாயிற்று. கைக்குழி தளர்ந்த, முன்பக்கம் திறக்கும் இரவிக்கை. கம்பி வெளியே வர ஒரு சிறு திறப்பு. முந்தானையைப் பிடித்து வைக்க ஒரு பட்டன். சட்டை மாட்டுவதுபோல ஒற்றைக் கையாலேயே வாரை மாட்டிக்கொள்ளப் பழக்குகிறோம். தினந்தோறும் மாமியாரையோ மகளையோ கூப்பிட்டுத்தான் மாட்டவேண்டும் என்றால், ஒரு மாதத்தில் அது பெட்டிக்குப் போய்விடும்.

அணிகிறவரே ஆசிரியர்

பாட்டரியால் இயங்கும் கைகளுக்கு இந்தக் கம்பி வேண்டாமே என்று சிலர் கேட்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவை விலை கூடியவை, பாரமானவை, தண்ணீருக்கும் தூசிக்கும் பயப்படுபவை. வயலிலும் அடுக்களையிலும் உழைக்கும் நம் சகோதரிகளில் பலருக்கு இன்னும் கம்பிக் கையே ஏற்றதாயிருக்கிறது. அமெரிக்காவில் டெப்ரா லட்டூர் என்னும் அம்மையார் அக்குள் வளையமே இல்லாத ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தோள்பட்டையின்மேல் தோலில் ஒட்டும் ஒரு சிறு வில்லையில் கம்பியை மாட்டுவது அது. அவரும் ஒரு முன்கை இல்லாமல் பிறந்தவரே. நம் வியர்வையில் ஒட்டுப்பொருள் நிலைப்பது கடினம். என்றாலும் அதை அணிந்து பார்த்தவரே அதற்கு வழியும் கண்டார் என்பது எங்களுக்குப் பாடம். நம் தேசத்திலும் 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அறுவை சிகிச்சை செய்து, பின்பு வேலூரில் மறுவாழ்வு ஊழியத்தை எழுப்பினார் அல்லவா?

டிரங்குப் பெட்டியில் கையை வைத்த அந்தச் சகோதரிக்குப் புதிய வார் தைத்துக் கொடுத்தோம். இரண்டு முறை திருத்தினோம். இப்போதும் அவர் நாள் முழுவதும் கை போடுவதில்லை. காலையில் சமைக்கவும், பிள்ளைக்குத் தலை பின்னவும் போடுகிறார். உச்சி வெயிலில் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். பெட்டிக்குள் வைப்பதில்லை. எங்களுக்கு அது போதும், தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, ஒரு கைக்காக நீங்கள் காணிக்கை அனுப்பும்போது, அந்தக் கையோடு வாரும், இரண்டு உறையும், திருத்தித் தைப்பதற்காக அந்தச் சகோதரி திரும்பவும் வந்துபோகும் பஸ் செலவும் அதில் அடங்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் தெரியாத செலவுகள் இவை. இந்தத் தொழிலைக் கற்க இன்னும் வாலிபப் பெண்கள் எழும்ப வேண்டுமென்று ஜெபியுங்கள். சொல்லக் கூசி இன்னும் கையைப் பெட்டியில் வைத்திருக்கும் சகோதரி உங்கள் சபையில் இருந்தால், உங்கள் வீட்டுப் பெண்கள் அவரிடம் மெதுவாகப் பேசி எங்களிடம் அழைத்து வரட்டும்.

வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர், தம்முடைய நுகம் இலகுவானது என்று சொன்னார். தச்சுத் தொழில் செய்த அவருக்கு, பொருந்தாத நுகம் எப்படி அறுக்கும் என்பது தெரிந்திருக்கும். அவருடைய பேரில் நாம் கொடுக்கும் எதுவும் ஒருவருடைய தோளையும் அறுக்காதபடி அவர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.