கருமுட்டை எடுப்புச் சிகிச்சை: ஆயத்தமும், வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவையும்

சோதனைக் குழாய் முறையில் குழந்தைப்பேறு வேண்டிச் சிகிச்சை பெறும் பெண்ணின் சினைப்பைகளிலிருந்து முதிர்ந்த முட்டைகளை ஊசி வழியாக உறிஞ்சி எடுப்பதே கருமுட்டை எடுப்பு எனப்படும். வயிற்றில் கீறலோ தையலோ இல்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். எனினும் இதன் முக்கியமான பக்கவிளைவு மருத்துவமனையில் தென்படுவதில்லை. சில நாட்கள் கழித்து வீட்டில்தான் தலைகாட்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் ஏறத்தாழ 70 கி.மீ. அத்தொலைவைக் கடந்து சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெண்களும் அவர்தம் குடும்பத்தினரும் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

சிகிச்சைக்கு முன்

கணவன், மனைவி இருவருக்கும் பரிசோதனை தேவை. குழந்தையின்மைக்கான காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதால், விந்துப் பரிசோதனை செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஊசி தொடங்குவது முறையன்று. பெண்ணுக்கு இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, ஏ.எம்.எச். ஆகியவையும், இருவருக்கும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய் ஆகியவையும் பரிசோதிக்கப்படும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது நன்று.

இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் ஒரு முட்டையே முதிர்கிறது. பல முட்டைகள் ஒருசேர முதிர்வதற்காக 8 முதல் 14 நாட்கள் வரை ஹார்மோன் ஊசி போடப்படும். இடையிடையே ஸ்கேன் எடுக்கப்படும். இவ்வூசி மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பேருந்தில் கொண்டுவரும்போது பனிக்கட்டிப் பையைத் துணியில் சுற்றி வைத்து, மருந்து அதன்மீது நேரடியாகப் படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒருபோதும் வைக்கலாகாது. உறைந்த மருந்து பயன்படாது.

எல்லாவற்றிலும் நேரம் தவறக்கூடாதது இறுதி ஊசி. முட்டைகளை முதிர்வுக்குக் கொண்டுவரும் இவ்வூசி, எடுப்புக்கு 34 முதல் 36 மணி நேரம் முன்னதாகப் போடப்படுகிறது. வியாழன் காலை 9 மணிக்கு எடுப்பு என்றால், செவ்வாய் இரவு 9 மணியளவில் ஊசி போடப்பட்டிருக்க வேண்டும். தாமதித்தால் முட்டைகள் முதிர்ந்திரா. மிகவும் முந்தினால் எடுப்பதற்கு முன்பே வெளியேறிவிடக்கூடும். ஊசி போட வரும் செவிலியரிடம் நேரத்தை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

எடுப்பு நாளில்

மயக்கமருந்து தரப்படுவதால் ஆறு மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். நகைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். பிறப்புறுப்பின் வழியே ஸ்கேன் கருவியின் துணையுடன் ஊசி செலுத்தப்படும். உடன் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அன்று இருசக்கர வாகனம் ஓட்டுவதோ, பின்னிருக்கையில் அமர்ந்து நெடுந்தொலைவு வருவதோ கூடாது. இயலுமாயின் அன்றிரவு மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது மேல்.

வீடு திரும்பிய பின்

மாதவிடாய் வலி போன்ற இழுப்பும், ஓரிரு நாட்கள் சிறிதளவு இரத்தக்கசிவும் இயல்பானவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. சினைப்பைகள் பெருத்திருக்கும் இந்நாட்களில் அவை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆதலால் நூற்பாலை, கயிற்றாலை, தோப்பு வேலைகளில் பளு தூக்குவதையும், வீட்டில் தண்ணீர்க்குடம் சுமப்பதையும் மருத்துவர் கூறும் வரை தவிர்க்க வேண்டும். ‘சின்ன ஊசிதானே’ என்று மறுநாளே வேலைக்கு அனுப்புவது சரியன்று. அதற்காக முழுநேரப் படுக்கையும் தேவையில்லை. நடமாட்டம் இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

சினைப்பைகள் ஊசிக்கு அளவு மீறி எதிர்வினை புரிந்தால், இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். இதுவே சினைப்பை மிகைத்தூண்டல் நிலை. இளவயதினர், சினைப்பை நீர்க்கட்டி உடையோர், ஏ.எம்.எச். அளவு மிகுந்தோர் ஆகியோருக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். பொதுவாக ஒரு வாரத்திற்குள் தோன்றும். கரு தங்கினால் அதன் பின்னரும் தோன்றலாம். அத்தகையோருக்கு இறுதி ஊசியின் வகையை மாற்றுவதும், கருக்களை உறைய வைத்துப் பிறிதொரு மாதத்தில் கருப்பையில் வைப்பதும் ஆபத்தைக் குறைக்கும். ‘இம்மாதம் வேண்டாம்’ என்று மருத்துவர் கூறினால் அது தோல்வியன்று.

நாள்தோறும் காலையில் எடையைக் குறித்து வர வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலும், வயிறு உப்பினாலும், சிறுநீர் குறைந்தாலும், வாந்தி நிற்காவிடினும் சிகிச்சை மையத்தை அன்றே தொடர்புகொள்ள வேண்டும். தாகத்திற்கேற்ப நீர், மோர் பருகலாம். நம் பகுதியில் இளநீருக்குக் குறைவில்லை. ஆயினும் சிறுநீர் குறைந்த நிலையில் இளநீரைத் தொடர்ந்து கொடுத்துக் காத்திருக்கலாகாது. அதிலுள்ள பொட்டாசியம் அப்போது தீங்காகலாம்.

மூச்சுத்திணறல், மயக்கம், ஒருபக்கமாகக் கடும் வலி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல், மணிக்கு ஓர் அணையாடை நனையுமளவு இரத்தப்போக்கு, காலில் வீக்கத்துடன் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கோவை செல்லப் பேருந்துக்குக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருமுட்டை எடுக்கப்பட்ட தேதியையும், போட்ட ஊசிகளின் விவரச்சீட்டையும் அங்குள்ள மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாமியார், நாத்தனாரிடம் தெரிவிக்கத் தயங்கிச் சிகிச்சையை மறைத்து வைத்திருப்போரும் மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

முட்டை எடுப்பதால் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிடும் என்பது தவறான அச்சம். அச்சுழற்சியில் இயல்பாக அழிந்துபோகவிருந்த முட்டைகளே ஊசியால் வளர்த்தெடுக்கப்படுகின்றன.

தானம் அளிப்போர் அறிய வேண்டியது

2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் அட்டையைக் கொண்டு பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டது வெளிப்பட்டு, தமிழ்நாடு அரசு தொடர்புடைய மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. உதவித் தொழில்நுட்ப இனப்பெருக்கச் சட்டம், 2021-இன்படி 23 முதல் 35 வயதுள்ள பெண்ணே கருமுட்டை தானம் அளிக்க இயலும். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைகளுக்கு மிகாமல். பெறும் தம்பதியர் அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்தல் வேண்டும். பணம் தருவதாகக் கூறும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாத பெண் இதில் ஈடுபடுத்தப்படுவதாக அறிந்தால், 1098 என்ற எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.