புத்தளக் கரையோரமும் மெய்யியற் கல்வியும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிப் பல்கலைக்கழக அனுமதிக் காலம் நெருங்கும்போது, கலைப்பிரிவு மாணவரின் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. “மெய்யியலைப் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறாய்?” என்பதே அது. சிலாபம், உடப்பு, புத்தளம், கற்பிட்டி என நீளும் கரையோரத்தில், மீன்பிடியையும் உப்பளத்தையும் தோட்டச் செய்கையையும் நம்பி வாழும் பெற்றோர் இவ்வாறு வினவுவதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், அத்துறையில் என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதை அறியாமலேயே அதனை ஒதுக்கிவிடுவது முறையன்று என்பது எமது கருத்தாகும்.

உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தைப் புள்ளி பெறுவதற்கான இலகுவான பாடமாகக் கருதி மனனஞ் செய்யும் மாணவர் பலர். பல்கலைக்கழகத்திலோ அளவையியல் ஒரு வாயில் மாத்திரமே. எதனை அறிவு என்கிறோம், உள்ளது எது, செய்யத்தக்கது எது, அழகு என்பது யாது என்ற வினாக்கள் முறையே அறிவாராய்ச்சியியல், பௌதிகவதீதம், ஒழுக்கவியல், அழகியல் எனத் தனித்தனிப் பிரிவுகளாக விரிகின்றன. இவற்றுக்குக் கிரேக்கரும், இந்தியரும், அரபு மொழியில் எழுதிய அறிஞரும், நவீன ஐரோப்பியரும் அளித்த விடைகளை மாணவர் ஒப்புநோக்கிக் கற்கின்றனர்.

இவ்வினாக்கள் எமது மக்களுக்குப் புதியனவல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், கதைத்தலைவி வஞ்சி மாநகரில் பல்வேறு சமயக் கணக்கரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிகின்றாள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை யாத்தார். அவர்தம் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியாரின் முதற்பகுதியாகிய பரபக்கம், உலகாயதர், பௌத்தர், சமணர் முதலானோரின் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்துவிட்டே மறுப்புரைக்கின்றது. காட்சி, கருதல், உரை என அறிவுக்குரிய மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் கூறும். களப்பில் நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் கண்டு மீன்பாட்டை ஊகிக்கும் கடற்றொழிலாளி கையாள்வது கருதலளவையே. மூத்தோர் சொல்லை நம்பி அவன் வலையிறக்கும்போது அது உரையளவையாகின்றது.

இஸ்லாமிய அறிவு மரபிலும் இச்சிறப்பைக் காணலாம். 9ஆம் நூற்றாண்டின் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் கிரேக்க நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தனர். அல்பாராபி, இப்னு சீனா ஆகியோர் அவ்வடித்தளத்தின் மீது தமது சிந்தனைகளைக் கட்டியெழுப்பினர். இமாம் கஸ்ஸாலி (1058-1111) மெய்யியலாளரை இருபது விடயங்களில் மறுத்தெழுதியதால் அவர் சிந்தனைக்கே எதிரி என எண்ணுவோருளர். உண்மையில் அவர் அளவையியலை ஏற்றுக்கொண்டு, அதுபற்றித் தனி நூலே எழுதியவர். அவரது மறுப்புக்கு இப்னு ருஷ்த் (1126-1198) எழுதிய மறுப்பும், இப்னு ருஷ்தின் அரிஸ்டோட்டில் உரைகளை ஊன்றிப் படித்த கிறிஸ்தவ ஞானி தோமஸ் அக்குவைனாஸின் நூல்களும் இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் ஒருங்கே கற்கப்படுகின்றன.

இவ்வுறவு தொலைதூரக் கதையுமன்று. எமது பிராந்திய அரபுக் கல்லூரிகளின் மரபுவழிப் பாடவிதானத்தில் ‘மன்திக்’ எனப்படும் அளவையியல் இடம்பெற்று வந்துள்ளது. அதில் பயிலப்படும் ‘ஈஸாகூஜி’ என்ற சிறுநூலின் பெயரே, 3ஆம் நூற்றாண்டில் போர்பிரி என்பார் எழுதிய கிரேக்க அறிமுக நூலின் பெயரிலிருந்து வந்ததாகும். அரபுக் கல்லூரியில் மன்திக் பயின்ற மாணவனும், அறநெறி வகுப்பில் சித்தாந்தம் கேட்ட மாணவியும், கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவரும், பௌத்த மாணவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து ஒருவர் மரபை மற்றவர் கற்கும் வாய்ப்பைப் பல்கலைக்கழகமே அளிக்கின்றது. பேராதனைப் பேராசிரியர் கே.என். ஜயதிலக்க, கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைனிடம் பயின்று திரும்பிப் பௌத்த அறிவாராய்ச்சியியல் பற்றி 1963இல் வெளியிட்ட நூல், இவ்வாறான சந்திப்பின் பயனேயாகும்.

1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாளா’ புத்தளமே என ஆய்வாளர் கொள்வர். அங்கு அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, பாவாதமலைக்குச் செல்ல அவருடன் யோகிகளையும் பிராமணர்களையும் துணையனுப்பியதாக அவரது பயண நூல் கூறுகின்றது. பல சமயத்தாரும் உடன்பயணஞ் செய்த இக்கரையிலேதான், 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் முகநூலில் இடப்பட்ட ஒரேயொரு வாக்கியம் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டு வன்செயல் மூண்டது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் துயரம் ஆறாதிருந்த அவ்வேளையில் பரவிய கலவரத்தில், மறுநாள் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் சகோதரர் உயிரிழந்தார். ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கலாம் என்பதும், ஒருவரின் செயலைக் கொண்டு ஒரு சமூகம் முழுவதையும் எடைபோடுவது போலி நியாயம் என்பதும் அளவையியலின் ஆரம்பப் பாடங்களாகும். மெய்யியல் கற்றோர் நிறைந்த ஊரில் வன்செயலே நிகழாது என நாம் கூறவரவில்லை. ஆயினும், ஒரு வதந்தியின் முன் நின்று “இதற்கு ஆதாரம் என்ன?” எனத் தம் சொந்தச் சமூகத்திடமே கேட்கத் துணியும் இளைஞர் சிலராவது ஒவ்வோர் ஊருக்கும் தேவை.

ஒழுக்கவியலின் தேவையும் இங்கு கண்கூடு. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் முழு நாட்டுக்கும் ஒளி தருகின்றது. அதன் சாம்பலும் தூசும் அயலூர்களுக்கே உரியன. கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தள மக்கள் இன, மத பேதமின்றி வீதியிலிறங்கினர். பெரும்பான்மையோரின் நன்மைக்காகச் சிலர் இழப்பை ஏற்கலாமா? பயன்வழிக் கொள்கையினரான பெந்தாம், மில் ஆகியோரும், மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ட்டும் வாதித்த வினா இதுவே. இதனைக் கற்றவர், பாதிக்கப்பட்ட மக்களின் முறைப்பாட்டை அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாத நியாயமாக முன்வைக்க வல்லவராவர்.

தொழில் பற்றிய ஐயத்துக்கும் விடை கூறியாகவேண்டும். மெய்யியற் பட்டம் மாத்திரம் உத்தியோகத்துக்கு உத்தரவாதமாகாது. ஆனால் சட்டம், ஊடகம், ஆசிரியம், நிர்வாகம் ஆகியவற்றை நாடுவோர்க்கு வாதத்தை ஆராயும் பயிற்சி பெருந்துணையாகும். ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட குறியீட்டு அளவையியலே இன்றைய கணினிச் சுற்றுகளின் அடித்தளம் என்பதையும் மறத்தலாகாது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான அனுமதி ஒதுக்கீட்டில் புத்தளமும் அடங்குவதால், கிடைக்கும் இடத்தை எண்ணித் துணிந்து பயன்படுத்த வேண்டும்.

தமிழ்மொழி மூல மாணவரின் பெருங்குறை நூற்பற்றாக்குறையாகும். பேராதனையில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய எம்.எஸ்.எம். அனஸ், கிரேக்கம் முதல் தற்காலம் வரையிலான மெய்யியலைத் தமிழில் தந்துள்ளார். இத்தகைய நூல்கள் பெருகவேண்டும். பாடசாலை நூலகங்களிலும் பள்ளிவாசல், கோவில் வாசிகசாலைகளிலும் அவை இடம்பெற வேண்டும். மாணவரும் விரிவுரைக் குறிப்புகளோடு நின்றுவிடாது, மூல நூல்களை வாசிக்க ஆங்கிலத்தையோ, அரபு, வடமொழி, பாளி ஆகியவற்றுள் ஒன்றையோ பயிலுதல் நன்று.

மாற்றார் கொள்கையை அவர் ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுக்கவேண்டும் என்ற ஒழுங்கை அருணந்தியாரும் கஸ்ஸாலியும் பேணினர். பல இனத்தாரும் ஒரே களப்பை நம்பி வாழும் புத்தளக் கரையோரத்தின் பிள்ளைகள் அவ்வொழுங்கைக் கற்றுவர விரும்பின், பெற்றோர் தடை கூறாதிருப்பார்களாக.