வாவியைக் காக்கும் கான்கள்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருபவர்கள் கிரகறி வாவியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அது இயற்கையான ஏரியல்ல என்பது நம் மாணவிகளில் பலருக்கே தெரியாது. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையை மறித்து, 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகறியின் காலத்தில் அமைக்கப்பட்டது அது.

மலையிலிருந்து அதற்குள் தண்ணீர் மட்டும் வருவதில்லை. மழை நாளில் வாவியில் விழும் ஓடையைப் பாருங்கள். பால் தேநீரின் நிறத்தில் ஓடும். அந்த நிறம் மேலேயுள்ள மரக்கறி நிலங்களின் மேல்மண். உரத்திலுள்ள பொஸ்பரசும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மண் அடியில் படிந்து வாவியின் ஆழத்தைக் குறைக்கிறது. பொஸ்பரசு பாசிக்கு உணவாகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் திணறுகின்றன. சேற்றை அள்ளினால் தீருமா? மேலே மண் கரையும்வரை, அள்ளிய இடம் மீண்டும் தூர்ந்துபோகும்.

மண்ணை மேலேயே நிறுத்தும் வழி தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ‘கான் வெட்டு’ என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதற்குள் இடையிடையே சிறு மண் தடுப்புகளை விடுவார்கள். ஓடிவரும் மழைநீர் அங்கே வேகம் தணிந்து, மண்ணை இறக்கிவிட்டு, தடுப்பைத் தாண்டிப் போகும். படிந்த மண்ணை வாரி மறுபடி மலையில் போடவேண்டும். வாராமல் விட்ட கான் சில மழையிலேயே நிரம்பிவிடும், பிறகு அது இருந்தும் பயனில்லை. கொழுந்து பறிப்பவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். கான் வெட்டுபவர்களை ஏனோ மறந்துவிடுகிறோம்.

மரக்கறி விவசாயியின் சிக்கல் வேறு. நீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகிவிடும் என்பதால் அது விரைவாக வடியும்படி பாத்தி பிடிக்கிறார். ஓடைக்கரையில் சில அடி நிலத்தைப் புல்லுக்கும் மூங்கிலுக்கும் விட்டால் வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும், வழிந்துவரும் மண்ணும் புல்லில் தங்கும். ஆனால் அந்தச் சில அடி அவருடைய வருமானம். அந்த இழப்பை அவர் மட்டும் சுமப்பது நியாயமில்லை. வாவியால் வருமானம் பெறும் நகரமும் பங்கு தரவேண்டும் என்பதே என் கருத்து.

வாவியிலிருந்து வெளியேறும் நானு ஓயா, கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியைச் சேர்கிறது. வாவி பிடித்துவைக்காத மண் கொத்மலை நீர்த்தேக்கம்வரை போகும். அதற்கு முன்பே, மேலே லயத்துப் பீலியில், மழைக்கு மறுநாள் குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிக்கிறார்கள் நம் தாய்மார்.