குறியும் நெறியும்

சேலம் ஜோலார்ப்பேட்டை இருப்புப்பாதையில், ஊத்தங்கரையை அடுத்த சாமல்பட்டி நிலையத்தில் ஒரு விடுமுறைக் காலையில் நாம் வந்திறங்கினோம். தோளில் நீண்டதோர் உறை தொங்கிற்று. அதனுள் பந்தயப் பயிற்சிக்குரிய காற்றுத் துப்பாக்கி இருந்தது. நிலையத்து வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அவ்வுறையைக் கூர்ந்து நோக்கி, “தம்பி, இது பன்றிக்கோ, கொக்குக்கோ?” என வினவினார். “இரண்டிற்கும் அன்று, தாத்தா, தாளுக்கு,” என்றோம். “தாளைச் சுடவா இத்தனை பாடு?” என்று அவர் நகைத்தார். தக்க விடை அன்று நம் நாவில் எழவில்லை. அவருக்குக் கடன்பட்ட அவ்விடையையே இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம்.

பெரியவர் அங்ஙனம் வினவியதில் வியப்பொன்றுமில்லை. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வயலோரத்தும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள், ஆநிரை மீட்கப் பொருது மாய்ந்த வீரரை வில்லும் வாளும் ஏந்திய கோலத்திற் காட்டுகின்றன. பிற்காலத்தே பாராமகால் எனப் பெயர் பெற்று, மலைக்கோட்டைகளாற் சூழப்பட்ட இந்நாடு, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைப்படுமளவும், படைகள் செல்லும் வழியாகவே இருந்தது. இன்றும் காட்டை அடுத்த சிற்றூர்களில் துப்பாக்கி என்றவுடன் நினைவுக்கு வருவன பயிரழிக்கும் பன்றியும், உரிமமின்றி ஒளித்து வைத்த நாட்டுத் துப்பாக்கியுமே. ஆகவே இம்மண்ணில் படைக்கலம் என்பது உயிர் கொள்ளும் பொருளாகவே எண்ணப்பட்டு வந்தது. அதனை விளையாட்டென்று ஒருவன் கூறின், கேட்போர் ஐயுறுதல் இயல்பன்றோ?

இவ்வையம் நம் கலாசாலைக்கும் உரியதே. அன்பை முதற்பாடமாகக் கற்பிக்கும் மிஷன் கலாசாலையொன்று, கொல்லும் கருவியைத் தன் மாணாக்கர் கையில் தருதல் தகுமோ என்று கேட்பார் நம் ஆசிரியருள்ளும் உளர். அவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. இவ்விளையாட்டின் வரலாறு, கருவிகள், விதிகள், தோழமை ஆகியவற்றை முறையே ஆராய்ந்து, பின்னர் விடை காண்பாம்.

துப்பாக்கி சுடுதல் 1896ஆம் ஆண்டு ஏதென்சு மாநகரில் நிகழ்ந்த முதல் ஒலிம்பிக் பந்தயத்திலேயே இடம்பெற்றது. அப்பொழுது ஐந்து போட்டிகள் நடைபெற்றன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு தோன்றிய தேசிய மாணவர் படை, .22 ரைபிள் பயிற்சியைக் கலாசாலைகளிற் பரப்பிற்று. 1951ஆம் ஆண்டு இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் நிறுவப்பெற்றது. மக்களவையின் முதற் சபாநாயகரான மாவலங்கர் அதன் முதல் தலைவர். 2004இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கமும், 2008இல் அபிநவ் பிந்த்ரா பொற்பதக்கமும் ஒலிம்பிக்கில் வென்றனர். சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012இல் வெண்கலம் பெற்றார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினரான பிருதிவிராஜும் 2024ஆம் ஆண்டு பாரிசில் இந்தியாவின் சார்பிற் சுட்டனர்.

இவர்கள் பயின்றவற்றுட் பெரும்பாலன, நின்ற இடத்தினின்றே சுடும் வகையைச் சார்ந்தவை. 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. ரைபிள் ஐந்தரைக் கிலோகிராமுக்கு மேற்படலாகாது. ஒன்றேகால் மணி நேரத்திற்குள் 60 குண்டுகளைச் சுட்டு முடித்தல் வேண்டும். மூச்சையும் நாடித் துடிப்பையும் அடக்கி அமைதியுற்றவனே இதில் வெல்வான்.

இதனின் வேறாயது நடைமுறைத் துப்பாக்கிப் போட்டி. ஓடியும், குனிந்தும், தடுப்புச் சுவர்களின் மருங்கே எட்டிப் பார்த்தும் பல இலக்குகளை விரைவிற் சுடும் முறை இது. இதற்குரிய சர்வதேசக் கூட்டமைப்பு 1976ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிற் கூடிய மாநாட்டில் தோன்றிற்று. ஜெஃப் கூப்பர் என்பார் அதன் முதல் தலைவரானார். நுண்மை, வலிமை, விரைவு எனப் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களை அது தன் குறிக்கோளாகக் கொண்டது. மூன்றனுள் ஒன்று குறையினும் வெற்றி இல்லை என்பதே அதன் கருத்து.

இனிக் கருவிகளைக் காண்பாம். கைத்துப்பாக்கி, அதனைத் தாங்கும் இடுப்புறை, உறுதியான வார்க்கச்சை, மாற்றுத் தோட்டாக்கூடுகள், கண்ணாடி, காதடைப்பு ஆகியவை இன்றியமையாதன. இவற்றுள் முதற்கண் வாங்க வேண்டியவை யாவை எனின், இறுதியிற் கூறிய இரண்டுமே என்போம். கண்காப்பும் செவிக்காப்பும் சுடுவோர்க்கு மட்டுமன்றிக் காண வந்தோர்க்கும் வேண்டப்படுகின்றன. இடுப்புறை, ஓடுங்காலும் துப்பாக்கியை நழுவவிடாததாய், விசையை முற்றும் மறைப்பதாய் இருத்தல் வேண்டும். போர்வீரரும் காவலரும் அல்லாதார் படையுடுப்பைப் போன்ற ஆடை அணிந்து வருதலை இக்கூட்டமைப்பின் விதிகள் விரும்புவதில்லை. விளையாட வந்தவன் போர்க்கோலம் பூணலாகாது என்பது அவ்விதியின் உட்கிடை.

மெல்லிய தோட்டாவால் எளிதிற் சுட்டு ஒருவன் பிறரை முந்தாவண்ணம் விசையளவு ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. குண்டின் எடையைக் கிரெயின் அளவிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுத்தல் வேண்டும். 125 கிரெயின், அதாவது ஏறக்குறைய எட்டு கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 1000 அடி செல்லுமாயின் விசையளவு 125 ஆகும். கைத்துப்பாக்கிப் போட்டியிற் கலந்துகொள்ள இதுவே குறைந்த அளவு. பந்தயத்தின்போதே கருவிகொண்டு இதனை அளந்து பார்ப்பர்.

மதிப்பெண் முறை பெரிதும் நுட்பமானது. தாளட்டை இலக்கில் நடுப்பகுதி பட்டால் 5, அதற்கடுத்த பகுதியில், சிறுவிசைத் தோட்டாவாயின் 3, ஓரப்பகுதியில் 1. குறி முற்றும் தவறினால் 10 குறைக்கப்படும். பெற்ற மதிப்பெண்ணைச் செலவிட்ட வினாடிகளால் வகுத்தால் வருவதே அவன் தகுதியெண். சான்றாக, பன்னிரண்டு குண்டுகள் சுடவேண்டிய கட்டம் ஒன்றைக் கொள்வோம். முதல்வன் பன்னிரண்டையும் நடுவிற் செலுத்தி 12 வினாடியில் முடித்தால், 60ஐ 12ஆல் வகுக்க 5 வரும். இரண்டாமவன் எட்டை நடுவிலும் நான்கை அடுத்த பகுதியிலும் செலுத்தி 10 வினாடியில் முடித்தால், 52ஐ 10ஆல் வகுக்க 5.2 வரும், அவனே முந்தினான். மூன்றாமவன் 8 வினாடியிற் பறந்து முடித்தும் இரண்டு குண்டுகளைத் தவறவிட்டான். அவன் பெற்ற 50இல் 20 கழிய எஞ்சிய 30ஐ 8ஆல் வகுக்க 3.75 மட்டுமே. அளவு கடந்த நிதானம் சிறிது இழப்பைத் தருகிறது. அளவு கடந்த பதற்றமோ பேரிழப்பைத் தருகிறது. வாழ்க்கையிலும் இக்கணக்குப் பெரும்பாலும் பிழையாதென்க.

இதனினும் சிறந்த விதியொன்று உண்டு. சுடவேண்டிய இலக்குகளின் நடுவே சுடத்தகாத இலக்குகளையும் நிறுத்துவர். அவற்றுள் ஒன்றின்மேற் குண்டு பட்டால் 10 மதிப்பெண் போகும். சுடவேண்டியதை நன்கு சுட்டால் வருவது 5. சுடத்தகாததைச் சுட்டால் போவது 10. சுடாமை என்னும் அடக்கத்தைச் சுடும் திறத்தினும் இருமடங்கு மதித்தன்றோ இவ்விதியை வகுத்தனர்?

பாதுகாப்பு விதிகளை இனி நோக்குவாம். பந்தயத் திடலில் எவருடைய துப்பாக்கியும் வெறுமையாகவே இருத்தல் வேண்டும். துப்பாக்கியைத் துடைக்கவும் சரிபார்க்கவும் தனியிடம் ஒன்று உண்டு. அங்கே தோட்டாவைத் தொடலாகாது. தோட்டாவைக் கையாளும் பிற இடங்களிலே துப்பாக்கியை உறையினின்றும் எடுக்கலாகாது. தள அதிகாரியின் கண்முன்னே, அவர் ஆணை பிறந்த பின்னரே துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றுசேரும். நிரப்பி ஆயத்தமாகுமாறு அவர் பணிப்பார், ஆயத்தமா என வினவுவார், காத்திருக்கச் சொல்வார். ஒன்று முதல் நான்கு வினாடிக்குள் ஒலி எழும். அதன்பின்னரே ஆட்டம் தொடங்கும். முடிந்தபின் குழல் வெறுமையாய் இருப்பதை அவருக்குக் காட்டி, விசையை ஒருமுறை இழுத்து, உறையிலிட்ட பின்னரே தளம் பாதுகாப்பானதென அவர் அறிவிப்பார். அச்சொல் கேட்குமளவும் எவரும் முன்செல்லார். துப்பாக்கியின் வாய் இடவல மருங்குகளிற் செங்கோணம் கடந்து பின்புறம் திரும்பினாலும், துப்பாக்கி கைதவறி விழுந்தாலும், ஆடுவோன் அப்பந்தயம் முழுவதினின்றும் விலக்கப்படுவான். அவன் உலகப் புகழ் பெற்றவனாயினும் நேற்று வந்தவனாயினும் விதி ஒன்றே.

இவ்விதியின் அருமையை நாம் நூலிற் கற்றிலோம். நம் பிழையாற் கற்றோம். மாணவப் பருவத்தில் ஒரு முகாமில் .22 ரைபிள் கொண்டு ஐந்து குண்டுகள் சுடும் முறை நமக்கு வந்தது. அருகில் வெடித்த ஓசைகளிடையே எண்ணிக்கை தவறி, நான்கு சுட்டதை ஐந்தெனக் கொண்டோம். நல்ல குறி வாய்த்ததென்னும் மகிழ்ச்சியால், கையிற் பிடித்த ரைபிளுடனே பக்கத்திற் கிடந்த தோழனிடம் பேசத் திரும்பினோம். அவன் ஒரு சொல்லும் பேசாது, நம் ரைபிளின் குழலைத் தன் உள்ளங்கையால் இலக்கை நோக்கித் தள்ளி, அங்ஙனமே அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நில்!” என்று கூவினான். பயிற்சியாளர் ஓடிவந்து பூட்டுத்தண்டைப் பின்னிழுத்தார்; ஐந்தாவது தோட்டா புல்தரையில் வீழ்ந்தது. அதனை நோக்கியவாறு நாங்கள் மூவரும் சிறிது நேரம் வாளா இருந்தோம்.

அன்று முழுதும் நம்மைச் சுடவிடவில்லை. பிறர் சுட்ட தாள்களின் துளைகளுக்குப் பசை தடவி ஒட்டுந் தொண்டே நமக்குக் கிடைத்தது. மானக்கேட்டால் தலைகுனிந்து ஒட்டிக்கொண்டிருந்த நம் அருகே, தன் முறை முடிந்த அத்தோழனும் வந்தமர்ந்து பசைக் கிண்ணத்தை எடுத்தான். “உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று வருந்துகிறாயா?” எனக் கேட்டான். “என்னை நீ காப்பாற்றினாய், உன்னையும்தான்,” என்றோம். அவன் சிரித்துவிட்டு ஒட்டத் தொடங்கினான். இன்றளவும் அவன் நமக்கு உடன்பிறந்தானை ஒப்பான்.

நடைமுறைப் போட்டிகளிலும் இவ்வழக்கமே நிலவுகின்றது. ஒருவன் சுட்டு முடித்தவுடன் அவன் குழுவினர் அனைவரும் சென்று துளைகளை ஒட்டுவர். வீழ்ந்த இரும்புத் தட்டுகளை நிமிர்த்துவர். நாளை நம்மை வெல்லப் போகிறவனுக்காக இன்று நாம் இலக்கைச் செப்பஞ்செய்கிறோம். அவனும் நமக்கு அங்ஙனமே செய்கிறான். கருவி பழுதுற்றவனுக்குத் தன் தோட்டாக்கூட்டை ஈவாரும், புதியவனுக்குக் கால்வைக்கும் இடத்தைச் சொல்லித்தருவாரும் அவன் போட்டியாளரேயாவர். ஒருவன் கவனம் பிழைத்தால் அருகிருப்போன் உயிர்க்கு இறுதி நேரும். ஆதலின் இங்கே தோழமை என்பது விழாக்கால வார்த்தையன்று. விதியினின்று முளைத்த பயிர்.

நம் நாட்டில் இந்நடைமுறை வகை நிலையிலக்கு வகையைப் போற் பரவவில்லை. அவ்வகைக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, இந்நாட்டிற் பொதுமக்களுக்குத் தடுக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். உரிமம் பெற 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். எனினும் முறையான மேற்பார்வையில் இளையோர் பயிற்சி பெறச் சட்டம் இடந்தருகிறது. நம் மாணாக்கருக்கு எளிதில் திறந்துள்ள வாயில்கள் தேசிய மாணவர் படையும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியுமே. அவ்விரண்டிலும் கருவி மாறினும் நெறி மாறாது. குழலின் வாயை நினைவிற் கொள்; விசையினின்றும் விரலை விலக்கி வை; வெறுமை என்று எண்ணாதே, கண்ணாற் கண்டு தெளி. இம்மூன்றையும் கற்றவன் துப்பாக்கியை என்றும் தொடாவிடினும், வண்டியோட்டுங்கால் நல்ல ஓட்டுநனாவான். ஓசூர்த் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்குங்கால் நல்ல தொழிலாளியாவான்.

இனித் தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு விடை கூறுவாம். வாளும் வேலும் உழுபடையாக மாறுங்காலம் ஒன்றைத் தீர்க்கதரிசி கனவு கண்டார். அக்காலம் இன்னும் வந்திலது. படைக்கலங்கள் உலகில் உள்ளவரை, அவற்றிற்கு அஞ்சி நடுங்குவதோ அவற்றைக் கண்டு செருக்குறுவதோ நம் இளைஞர்க்கு அழகன்று. அவற்றின் கொடுமையை உள்ளவாறு உணர்ந்து, தன் கையை அடக்கவும், அருகிருப்போன் உயிரைத் தன்னுயிர்போற் பேணவும் கற்பிக்குமாயின், அவ்விளையாட்டுக்கு நம் கலாசாலையில் இடமுண்டென்றே துணிகின்றோம். அங்ஙனம் கற்பியாதாயின், அதனை அன்றே விலக்குதலும் நம் கடனாம்.

அடுத்த விடுமுறையில் சாமல்பட்டியில் அம்முதியவரைக் காண நேரின், “தாத்தா, தாளைச் சுடுதல் எளிது, சுடத்தகாததைச் சுடாமலிருக்கக் கற்பதற்கே இத்தனை பாடு,” என்போம். அவர் மீண்டும் நகைப்பினும் நகைக்கட்டும்.